இதய வால்வில் கிருமித் தொற்று: நீடிக்கும் காய்ச்சலை அலட்சியப்படுத்தாதீர்கள்

 

நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கோரி வரும் விண்ணப்பங்களில் இதய வால்வு அறுவை சிகிச்சைக்கானவையும் உண்டு. அவற்றுடன் இணைத்துவரும் மருத்துவக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தால் சிலவற்றில் ஒரே மாதிரியான வரலாறு தெரிகிறது. பல வாரங்களாக விட்டு விட்டுக் காய்ச்சல். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை. இரண்டு நாள் குணம். மறுபடியும் காய்ச்சல். கடைசியில் மூச்சுத் திணறலோடு பெரிய மருத்துவமனை. பணத்தை எப்படியாவது திரட்டிவிடலாம். இடையில் வீணாகிப் போன வாரங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே இந்த இதழின் மருத்துவப் பாடமாக, இதய வால்வில் கிருமி தொற்றினால் என்ன ஆகும், அதை எப்படிக் காலத்தோடு கண்டுபிடிப்பது என்பதை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் யாருக்காவது வால்வுக் கோளாறு இருந்தால் இதை எல்லோரும் கேட்கும்படி ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

வால்வு என்பது என்ன?

நம் இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. இரத்தம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கும், அங்கிருந்து பெரிய இரத்தக் குழாய்களுக்கும் செல்லும் வழியில் நான்கு கதவுகள் இருக்கின்றன. இவையே வால்வுகள். மிட்ரல், அயோர்ட்டிக், ட்ரைகஸ்பிட், பல்மனரி என்பன அவற்றின் பெயர்கள். மெல்லிய சவ்வால் ஆன இந்தக் கதவுகள் இரத்தத்தை ஒரு பக்கமாக மட்டுமே போக விடும். திரும்பி வர விடாது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் இவை திறந்து மூடுகின்றன.

வால்வுக்கு வரும் பழுது இரண்டு வகை. ஒன்று, கதவு சரியாகத் திறக்காமல் சுருங்கிப் போவது. மற்றொன்று, சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிவது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இரண்டிலும் இதயத்தின் வேலைப் பளு கூடுகிறது. நாளடைவில் மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்குகிறது.

கிருமி எப்படி வால்வில் குடியேறுகிறது?

நம் இரத்தத்துக்குள் கிருமிகள் அவ்வப்போது நுழைந்துகொண்டுதான் இருக்கின்றன. ஈறு வீங்கியிருக்கும்போது பல் துலக்கினாலோ, உணவை மென்றாலோகூடச் சில கிருமிகள் இரத்தத்தில் கலக்கும். ஆரோக்கியமான உடம்பு அவற்றைச் சிறிது நேரத்தில் அழித்துவிடும். ஆரோக்கியமான வால்வின் மேற்பரப்பும் வழவழப்பாக இருப்பதால் கிருமிகள் அதில் எளிதில் ஒட்டுவதில்லை.

பழுதான வால்வில் நிலைமை வேறு. இரத்தம் வேகமாகப் பீறிட்டு மோதும் இடத்தில் சவ்வு சொரசொரப்பாகி, அதன்மீது இரத்தத் தட்டணுக்களும் இரத்தத்தை உறைய வைக்கும் இழைகளும் படிந்திருக்கும். கிருமி வந்து ஒட்டிக்கொள்ள அதுவே இடம். ஒட்டிய கிருமி பெருகப் பெருக அதன் மேல் மீண்டும் படலம் மூடுகிறது. இப்படி வளரும் கிருமிக் கொத்தை மருத்துவர்கள் ‘வெஜிடேஷன்’ என்கிறார்கள். நோயின் பெயர் ‘இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ்’.

வால்வின் சவ்வுக்குத் தனியாக இரத்த ஓட்டம் மிகக் குறைவு. நம் உடம்பின் காவலாளிகளான வெள்ளை அணுக்களால் கொத்தின் உட்பகுதிக்குள் போக முடிவதில்லை. வழக்கமான மாத்திரைகளின் வீரியமும் அங்கே போதிய அளவு போய்ச் சேராது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், சிகிச்சை ஏன் வாரக் கணக்கில் நீள்கிறது என்பது புரியும்.

வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகளும், தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியும், குடலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் வரும் என்டரோகாக்கஸ் கிருமியும் இந்நோய்க்கு முக்கியக் காரணங்கள். இவற்றில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பொல்லாதது. நல்ல வால்வையும் தாக்கி, சில நாட்களிலேயே அதை ஓட்டையாக்கிவிடக் கூடியது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

1. செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள். குறிப்பாக, பொருத்திய முதல் ஆண்டில்.
2. ஏற்கெனவே ஒருமுறை இந்தத் தொற்று வந்து குணமானவர்கள்.
3. பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ளவர்கள். குறிப்பாக, உதடும் நகமும் நீலம் பாயும் வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள்.
4. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள்.
5. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நீண்ட நாள் இரத்தக் குழாயில் ட்யூப் பொருத்தப்பட்டிருப்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள்.
6. முதுமையால் வால்வு தடித்துக் கெட்டியானவர்கள்.
7. ஊசி மூலம் போதைப் பொருள் ஏற்றிக்கொள்பவர்கள். நம் பிள்ளைகளை நினைத்து இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது வகையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நம் நாட்டில் இளவயதினரின் வால்வுப் பழுதுக்கு முக்கியக் காரணம் அதுதான். 5 முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப் புண் வருகிறது. அதைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். முழங்கால் சரியானதும் கணுக்கால், அது சரியானதும் மணிக்கட்டு என்று வலி இடம் மாறும். தொண்டைக் கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவதால் வருவது இது. மூட்டு வலி தழும்பில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பின்மீதுதான் கிருமி வந்து ஒட்டுகிறது.

ருமாட்டிக் காய்ச்சலில் வால்வின் மேல் கிருமி இருப்பதில்லை, எண்டோகார்டைட்டிஸில் கிருமியே வால்வின் மேல் இருக்கிறது என்ற வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நோய் நிலத்தைக் கெடுக்கிறது, இரண்டாவது அந்த நிலத்தில் முளைக்கிறது.

தொண்டைப் புண் தொடங்கிய 9 நாட்களுக்குள் உரிய சிகிச்சை தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். அது வந்துவிட்டவர்களுக்கு, மறுபடி வராமல் இருக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடப்படுகிறது. வால்வு கெட்டிருந்தால் இதைக் குறைந்தது 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, இரண்டில் எது நீளமோ அதுவரை போட வேண்டும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் போடும்படி மருத்துவர் சொல்வார்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

இந்த நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் தொடங்குகிறது. காய்ச்சல் அதிகமாகக்கூட இருக்காது. மாலையில் லேசாகக் காய்ந்து, இரவில் வேர்த்து, காலையில் சரியானது போலிருக்கும். கூடவே கீழ்க்கண்டவற்றில் சில இருக்கலாம்:

- குளிர் நடுக்கம், இரவில் உடை நனையும் அளவு வியர்வை
- பசியின்மை, எடை குறைதல், சோர்வு, வெளிறிப் போதல்
- முதுகு வலி, மூட்டு வலி
- முன்பு இல்லாத மூச்சுத் திணறல், கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல்
- விரல் நுனிகளில் தொட்டால் வலிக்கும் சிறு கட்டிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வலியில்லாத சிவந்த புள்ளிகள்
- நகத்துக்கு அடியில் சிராய்த்தூள் குத்தியது போன்ற கருஞ்சிவப்புக் கோடுகள்
- சிறுநீரில் இரத்தம்
- திடீரெனக் கை கால் விளங்காமல் போதல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல்

நம் வீட்டுப் பெண்கள் விரல்களிலும் நகங்களிலும் மருதாணி இட்டிருந்தால் நகக் கோடுகளும் விரல் புள்ளிகளும் மருத்துவரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கால் விரல்களையும் பாதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே வெறும் சோர்வும் குழப்பமும் மட்டும் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பாடத்தின் மையக் கருத்து: மாத்திரைக்கு முன் இரத்தக் கல்ச்சர்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். 28 வயதுச் சகோதரி ஒருவருக்குச் சிறு வயதிலிருந்தே மிட்ரல் வால்வில் பழுது என்று கொள்வோம். திருமணத்துக்கு முன்பு வரை உம்மா மாதம் தவறாமல் ஊசிக்கு அழைத்துச் சென்றார். வரன் பேசும்போது இதைச் சொன்னால் சம்பந்தம் தட்டிப் போகும் என்று மறைத்துவிட்டார்கள். கணவர் வீட்டில் யாருக்கும் தெரியாததால் ஊசியும் நின்றுபோனது. இப்போது காய்ச்சல் வருகிறது. அருகிலுள்ள மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் சாப்பிடுகிறார். காய்ச்சல் இறங்குகிறது. பத்து நாள் கழித்து மீண்டும் காய்ச்சல். இரத்தத்தில் விடால் சோதனை மட்டும் செய்து, டைபாய்டு என்று வேறொரு ஆன்டிபயாடிக் தரப்படுகிறது. மறுபடியும் இறங்குகிறது, மறுபடியும் வருகிறது. ஆறாவது வாரம் மூச்சுத் திணறல்.

இதில் நடந்தது என்ன? ஒவ்வொரு முறையும் மாத்திரை இரத்தத்தில் மிதந்த கிருமிகளைக் கொன்றது. காய்ச்சல் இறங்கியது. வால்வின் மேல் கொத்துக்குள் இருந்தவை சாகவில்லை. மருந்து நின்றதும் அவை மீண்டும் பெருகின. அதற்குள் வால்வு அரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

இன்னொரு கெடுதலும் நடந்தது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்பதைக் கண்டுபிடிப்பது இரத்தக் கல்ச்சர் பரிசோதனை. வெவ்வேறு இடங்களில் குத்தி, பெரும்பாலும் மூன்று முறை இரத்தம் எடுத்து, கிருமி வளரும் குப்பிகளில் வைத்துப் பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின் எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமல் போய்விடும். இந்த நோயில் கல்ச்சர் ‘கிருமி இல்லை’ என்று வருவதற்கு முன்கூட்டியே சாப்பிட்ட மாத்திரைதான் மிகப் பொதுவான காரணம். அப்புறம் மருத்துவர் எதிரி யார் என்று தெரியாமலேயே சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே வால்வுக் கோளாறு உள்ளவர்கள், செயற்கை வால்வு உள்ளவர்கள், பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள் தெளிவான காரணமில்லாத காய்ச்சல் வந்தால் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடவே கூடாது. மருத்துவரிடம் சென்றதும் முதலில் சொல்ல வேண்டியது இது: “எனக்கு இதய வால்வில் கோளாறு இருக்கிறது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று பாருங்கள்.” வெட்கப்படாமல் கேளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சாப்பிடுவதால் கல்ச்சர் கெடாது. ஆனால் காய்ச்சலை அடக்கிக்கொண்டே வீட்டில் நாள் கடத்தாதீர்கள்.

கல்ச்சருடன் எக்கோ பரிசோதனையும் தேவை. நெஞ்சின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பது ஒரு வகை. அதில் தெளிவு கிடைக்காவிட்டால், குறிப்பாகச் செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு, உணவுக் குழாய் வழியாகச் சிறு கருவியை இறக்கி இதயத்தின் பின்புறமிருந்து பார்ப்பார்கள். சிறு கொத்துகளும் சீழ்க்கட்டிகளும் அதில் தெளிவாகத் தெரியும். முதல் எக்கோவில் ஒன்றும் இல்லை என்று வந்தும் சந்தேகம் நீடித்தால், சுமார் ஒரு வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்வதும் உண்டு. அதை வீண் செலவு என்று எண்ண வேண்டாம்.

அந்தச் சகோதரியின் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நிக்காஹ் பேசும்போது வால்வுக் கோளாறை மறைப்பது பெண்ணுக்கும் நல்லதல்ல, பையனுக்கும் நல்லதல்ல. கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. சுருங்கிய மிட்ரல் வால்வு உள்ள பெண்ணுக்கு அப்போதுதான் பலமுறை முதல் மூச்சுத் திணறலே வரும். முன்கூட்டியே தெரிந்தால் வால்வைச் சரிசெய்துகொண்டோ, மருத்துவரின் கண்காணிப்பிலோ நலமாகப் பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர். உண்மையைச் சொல்லிச் சம்பந்தம் செய்வதே இரு குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

கவனிக்காவிட்டால் வரும் சிக்கல்கள்

வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் 1885-ல் லண்டனில் இந்நோயைப் பற்றி விரிவான சொற்பொழிவுகள் ஆற்றினார். அந்தக் காலத்தில் இது வந்தவர்கள் பிழைப்பது அரிது. 1940-களில் பென்சிலின் பயன்பாட்டுக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. இன்றும் இது சாதாரண நோயல்ல. நல்ல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்களிலும் சுமார் 5 பேரில் ஒருவர் இறந்துவிடுகிறார். காரணம், கீழ்க்கண்ட சிக்கல்கள்தாம்.

முதலாவது, இதயம் செயலிழப்பது. கிருமி அரித்ததால் வால்வு கிழிந்தாலோ, அதைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்தாலோ, இரத்தம் பெருமளவில் பின்னோக்கிப் பாயும். நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாத அளவு மூச்சுத் திணறும். உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் இதுவே. குறிப்பாக, அயோர்ட்டிக் வால்வு கெட்டால் நிலைமை மணிக் கணக்கில் மோசமாகலாம்.

இரண்டாவது, சீழ்க்கட்டி. தொற்று வால்வைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தசைக்குள் பரவிச் சீழ் பிடிக்கும். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மின்சார நரம்புப் பாதை அதற்குப் பக்கத்திலேயே செல்கிறது. அது பாதிக்கப்பட்டால் நாடித் துடிப்பு மிகவும் குறைந்து மயக்கம் வரும். இதனால்தான் வார்டில் அடிக்கடி இசிஜி எடுக்கிறார்கள்.

மூன்றாவது, கொத்து உடைந்து இரத்தத்தோடு போவது. உடைந்த துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். மண்ணீரலுக்குப் போனால் இடது விலாவுக்குக் கீழே கடும் வலி. சிறுநீரகத்துக்கும், காலுக்கும், கண்ணுக்கும் போகலாம். வலப் பக்க வால்வில் தொற்று இருந்தால் துண்டு நுரையீரலுக்குப் போய், நிமோனியா போலத் தோன்றும். சரியான மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குப் பின் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மருந்தை ஒரு நாள் முன்னதாகத் தொடங்குவதன் அருமை இதிலிருந்து தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பக்கவாதம் வந்தவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது, அவருக்கு வால்வுக் கோளாறு இருப்பதையும் சில நாட்களாகக் காய்ச்சல் இருந்ததையும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சாதாரணப் பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கப் போடும் ஊசி, இந்த நோயாளிகளுக்கு மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்.

நான்காவது, மூளையில் உள்ள இரத்தக் குழாயின் சுவர் கிருமியால் பலவீனமாகிப் புடைத்து வெடிப்பது. ஐந்தாவது, சிறுநீரகம் பாதிக்கப்படுவது. நோயாலும் ஆகும், சில மருந்துகளாலும் ஆகும். எனவே இரத்தப் பரிசோதனைகள் திரும்பத் திரும்பச் செய்யப்படும்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

இரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றப்படும். பெரும்பாலானோருக்கு 4 முதல் 6 வாரங்கள். பத்தாம் நாளே காய்ச்சல் நின்று, நோயாளி எழுந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குவார். அப்போதுதான் குடும்பத்தார், “நல்லாத்தானே இருக்கார், வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்” என்று கையெழுத்துப் போட்டு அழைத்துச் செல்ல நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கொத்தின் உள்ளே கிருமி இன்னும் உயிரோடு இருக்கலாம். செலவுதான் காரணம் என்றால் மருத்துவரிடமே சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றிச் சிகிச்சையைத் தொடர முடியும். இடையில் நிறுத்துவதைவிட இடம் மாற்றுவது எவ்வளவோ மேல்.

ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. இதயம் செயலிழக்கத் தொடங்கினாலோ, மருந்துக்குத் தொற்று அடங்காவிட்டாலோ, சீழ்க்கட்டி உண்டானாலோ, பெரிய கொத்து உடைந்து மூளைக்குப் போகும் ஆபத்து இருந்தாலோ மருத்துவர்கள் காத்திருக்கமாட்டார்கள். “காய்ச்சல் முழுதும் தணியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று நாம் தள்ளிப்போடுவது சில வேளைகளில் உயிரையே வாங்கிவிடும்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுண்டு. அட்டை எடுக்காத குடும்பங்கள் நோய் வரும் வரை காத்திராமல் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் இப்போதே எடுத்துவிடுங்கள். அவசர நேரத்தில் அட்டைக்காக ஓடுவது நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆளை அலைய வைக்கிறது.

எந்த வால்வு? நம்மவர்கள் கேட்கும் கேள்வி

கெட்ட வால்வை முடிந்தால் பழுது நீக்குவார்கள். முடியாவிட்டால் மாற்றுவார்கள். மாற்று வால்வு இரண்டு வகை. உலோகமும் கார்பனும் கொண்டு செய்யப்பட்ட மெக்கானிக்கல் வால்வு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட்டு, ‘ஐஎன்ஆர்’ என்ற இரத்தப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்துகொள்ள வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நம் நாட்டிலேயே உருவாக்கிய மெக்கானிக்கல் வால்வு 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு வருகிறது. இரண்டாவது வகை, விலங்குத் திசுவால் ஆனது. இதற்குப் பெரும்பாலும் நீண்ட நாள் மாத்திரை தேவையில்லை. ஆனால் ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்துவிடும். இளவயதினருக்கு இன்னும் விரைவாகத் தேயும்.

திசு வால்வுகளில் சில மாட்டின் இதய உறையிலிருந்தும், சில பன்றியின் வால்விலிருந்தும் செய்யப்படுகின்றன. நம் குடும்பங்களில் இது பெரிய தயக்கத்தை உண்டாக்குகிறது. இந்தத் தயக்கத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல், மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். மாட்டுத் திசு வால்வோ மெக்கானிக்கல் வால்வோ பல இடங்களில் கிடைக்கிறது. வேறு வழியே இல்லாத நிலையில் உயிரைக் காக்க மார்க்கம் தரும் சலுகை என்ன என்பதை நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆபரேஷன் அறை வாசலில் கேட்காமல் முன்கூட்டியே கேட்பது நல்லது.

தடுத்துக்கொள்ள நம்மால் முடிந்தவை

வாய்ச் சுத்தம். வால்வுக் கோளாறு உள்ளவர்களுக்கு இதுவே முதல் காவல். ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை முறையாகச் செய்வோம். நைந்துபோன நுனியை அவ்வப்போது வெட்டிவிட்டுப் புதிய நுனியைப் பயன்படுத்துங்கள். இரத்தம் வரும்படி ஈறைத் தேய்க்காதீர்கள். இரவில் பிரஷ்ஷும் பற்பசையும் கொண்டு துலக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை வேண்டாம்.

பல் சிகிச்சைக்கு முன். செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இத்தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியிருக்கும். சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் அதைத் தருவார்கள். ருமாட்டிக் வால்வு உள்ளவர்களுக்குத் தேவையா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்வார். பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காரும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

தோல் சுத்தம். கொப்புளம், சீழ்ப்புண், கால் வெடிப்பு எதையும் விட்டுவைக்காதீர்கள். பச்சை குத்துவதையும் கண்ட இடத்தில் மூக்கு காது குத்துவதையும் தவிருங்கள்.

ஹிஜாமா. நம் மக்களிடம் இப்போது இது பரவலாகியிருக்கிறது. தோலைக் கீறும் சிகிச்சை என்பதால், வால்வுக் கோளாறு உள்ளவர்களும் செயற்கை வால்வு உள்ளவர்களும் இதய மருத்துவரின் அனுமதி இல்லாமல் செய்துகொள்ள வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரத்தக் கசிவு நிற்காமல் போகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

நோன்பு. தொற்றுக்குச் சிகிச்சை நடக்கும்போது நோயாளி நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. குணமான பிறகும், நீர் மாத்திரையும் இரத்தம் உறையாத மாத்திரையும் சாப்பிடுபவர்கள் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். தாமாக மாத்திரையை விடாதீர்கள். பென்சிலின் ஊசி போடும் நாள் ரமளானில் வந்து, நோன்பு பற்றி ஐயம் இருந்தால், நோன்பு திறந்த பின் இரவில் போட்டுக்கொள்ளுங்கள். பெருநாள் கழியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பாடத்தை ஒருமுறை சரிபார்ப்போம்

கேள்வி: காய்ச்சல் மாத்திரையில் இறங்கிவிட்டது. இனி பயமில்லையா?
பதில்: வால்வுக் கோளாறு உள்ளவருக்கு இறங்கிய காய்ச்சல் திரும்ப வந்தால் அதுவே ஆபத்தின் அடையாளம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்றவர்களுக்கு ஒட்டுமா?
பதில்: வால்வுத் தொற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. அவருடன் உண்ணலாம், உறங்கலாம், குழந்தைகளைப் பழக விடலாம். பிள்ளைகளின் தொண்டைப் புண் மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும்.

கேள்வி: ஒருமுறை குணமானால் மறுபடி வராதா?
பதில்: வரலாம். ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கேள்வி: வீட்டில் இன்றே செய்ய வேண்டியது என்ன?
பதில்: வால்வுக் கோளாறு உள்ளவரின் பெயர், எந்த வால்வு, சாப்பிடும் மருந்துகள், கடைசி எக்கோ தேதி, கடைசி பென்சிலின் ஊசித் தேதி, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி அவரது பையில் வையுங்கள். அட்டையின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘காய்ச்சல் என்றால், ஆன்டிபயாடிக்குக்கு முன் பிளட் கல்ச்சர்.’ திடீர் மூச்சுத் திணறலோ, மயக்கமோ, பக்கவாதமோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

நம் தெருவில், நம் ஜமாஅத்தில் வால்வுக் கோளாறு உள்ள பிள்ளைகள் யார் என்பது நமக்கே தெரியும். அவர்களில் எத்தனை பேர் ஊசியை விட்டுவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பேருந்துக் கட்டணமோ, அழைத்துச் செல்ல ஆளோ இல்லாததுதான் காரணம் என்றால் அலுவலகத்தில் தெரிவியுங்கள், நாம் ஏற்பாடு செய்வோம். அறுவை சிகிச்சைக்கு உதவுவதைப் போலவே, அது தேவைப்படாமல் காப்பதும் நம் கடமைதான். வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு முழு ஷிஃபாவையும், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.